இந்தச் சம்பவம் தெரிவிக்கப்படும்

ஐந்தாவது செவ்வாய்க்கிழமையாக டுவேன் அதே தப்பைச் செய்தார். லேப்டாப்பின் கறுப்புத் திரையில் ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி என்டரை அழுத்தினார். ‘உங்கள் பெயர் பட்டியலில் இல்லை. இந்தச் சம்பவம் தெரிவிக்கப்படும்’ என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னது, விண்டோஸுக்குப் பதிலாக அதில் ஓடும் லினக்ஸ்.

"மறுபடியுமா?" என்றாள் மார்லிஸ். அமெரிக்காவின் டுலூத் நகர நூலகத்தின் கீழ்த்தளத்தில் செவ்வாய்தோறும் கம்ப்யூட்டர் உதவிக்கு உட்காருகிறவள். சம்பளம் கிடையாது, பொறுமையும் அவ்வளவாகக் கிடையாது.

"இந்தத் தடவை நிஜமாவே தெரிவிச்சிருக்குமா?" என்று கேட்டார் டுவேன்.

"வாராவாரம் இதே கேள்வி. பயப்படாதீங்க, போலீஸெல்லாம் வராது. லேப்டாப்ல ஒரு சீட்டாட்ட கேமை ஏத்த அஞ்சு வாரமா டுவேன்? சாதாரண ஆளா போனா ஏறாது, அட்மின் பாஸ்வேர்ட் போடணும்னு எத்தனை தடவை சொல்றது?"

"மண்டையில ஏறலையே டீச்சரம்மா." பர்ஸிலிருந்து மடித்த மஞ்சள் சீட்டு ஒன்றை எடுத்தார். பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைக்கப் போனார்.

"சரி, இதுக்கு அட்மின் யாரு?"

"என் பொண்ணு ஹெய்டி. இந்தப் பழைய லேப்டாப்ல லினக்ஸ் போட்டுக் கொடுத்தவளே அவதான். ‘அப்பா, ஏடாகூடமா எதையாவது தட்டினீங்கன்னா எனக்கு ரிப்போர்ட் வந்துடும்’னு மிரட்டிட்டுப் போனா."

"அவளுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டா வேலை முடிஞ்சுது."

"எடுக்க மாட்டா. அவ அம்மா போனப்புறம் ஏரிக்கரை வீட்டை அவகிட்ட ஒரு வார்த்தை கேக்காம வித்துட்டேன். அன்னையிலருந்து பேச்சில்ல. கடுதாசி போட்டா பிரிக்காமலே திரும்பி வருது."

மார்லிஸ் கையை நீட்டினாள். "அந்தச் சீட்டுல என்ன இருக்கு, காட்டுங்க."

டுவேன் தயங்கித்தான் கொடுத்தார். ‘அப்பாவுக்கு, அட்மின் பாஸ்வேர்ட்’ என்று பெண்ணின் முத்து முத்தான கையெழுத்தில் இருந்தது. அடியில் பாஸ்வேர்டும் இருந்தது.

மார்லிஸுக்குச் சுர்ரென்று ஏறியது. "பாக்கெட்லயே வெச்சுக்கிட்டா அஞ்சு வாரமா என் உயிரை வாங்கினீங்க?"

"அதைப் போட்டா ஒழுங்கா ஏறிடுமே" என்றார் டுவேன் மெதுவாக. "அப்புறம் அவளுக்கு ரிப்போர்ட் போகாது. எட்டு மாசமா தினமும் காலையில காபி குடிச்சதும் ஒரு தப்பு பண்ணிடுவேன். அப்பன் உயிரோடதான் இருக்கான்னு அவளுக்குத் தெரியட்டும். அது போய்ச் சேருதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. அதுக்குத்தான் இங்க வர்றேன்."

மார்லிஸின் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. சீட்டில் இருந்ததைத் தட்டி உள்ளே போனாள், ரிப்போர்ட்டுகள் எங்கே போகின்றன என்று தேடினாள்.

இருநூற்று நாற்பத்தொரு ரிப்போர்ட்டுகள். ஒன்றுகூட ஹெய்டிக்குப் போகவில்லை. வெளியே அனுப்ப யாரும் ஏற்பாடு செய்யாததால் அத்தனையும் அந்த லேப்டாப்புக்குள்ளேயே பிரிக்கப்படாமல் குவிந்து கிடந்தன.

"என்ன, போயிருக்கா?" டுவேன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

மார்லிஸ் சட்டென்று லேப்டாப்பை மூடினாள். பாவம், ஒரு பொய்யில் இந்த மனுஷனுக்குக் கொஞ்சம் நிம்மதி கிடைத்தால் என்ன குறைந்துவிடப் போகிறது?

"எல்லாம் போயிருக்கு டுவேன். ஒண்ணு விடாம படிச்சிருக்கா."

டுவேன் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. குளிர்கோட்டை எடுத்து மாட்டினார், பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கடைசி வரை போட்டார். பிறகுதான் கேட்டார்.

"அத்தனையும் படிச்சும் கூப்பிடலையா?"