சுட்டி போட்ட ஸ்கிரிப்ட்

“சுட்டி எழுதின ஸ்கிரிப்டைப் பாத்தீங்களா? நீங்க காலையெல்லாம் உக்காந்து அடிக்கிற கமாண்டை, அது காபி ஆறுறதுக்குள்ள அடிச்சு முடிச்சிடுது!” என்றார் மேனேஜர்.

“பாத்தேன் சார். நல்லாத்தான் இருக்கு” என்றார் வாட்ச்மேன். வயிறு எரிந்தது.

வாட்ச்மேன் என்பது பட்டப்பெயர். கம்பெனியின் ஃபயர்வாலை, அதாவது வெளியிலிருந்து வரும் இணைப்புகளை நிறுத்தி விசாரித்து உள்ளே விடும் பெட்டியை, வருஷக்கணக்காகக் காத்துவருகிறவர் அவர்தான். நேற்று வந்த பெண்ணுக்குச் சுட்டி என்று செல்லப்பெயர், மாடாய் உழைத்தவனுக்கு வாட்ச்மேனா? அந்த எரிச்சல் வேறு.

“இன்னைக்கு ஃபயர்வால்ல யாரை விடணும், யாரைத் தடுக்கணும்ங்கிற ரூல்ஸ் மாத்துற வேலை உங்களோடது. நல்லபடியா முடிச்சிட்டீங்கன்னா டீம் லீடர் போஸ்ட்டுக்கு உங்க பேரைத்தான் அனுப்பப் போறேன்” என்று சொல்லிவிட்டு மேனேஜர் தன் அறைக்குப் போனார்.

சுட்டி வந்து நின்றாள். “ஏதாவது ஹெல்ப் வேணுமாண்ணா?”

“நீ பொறக்கறதுக்கு முன்னாடியே கீபோர்டு தட்டினவன்மா நான். போய் உன் வேலையைப் பாரு.”

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அந்தச் சிரிப்பும் அவருக்குப் பிடிக்கவில்லை.

ஃபயர்வால் இருந்தது ஊரின் மறுகோடியில், வேறொரு கட்டடத்தில். வாட்ச்மேன் இங்கிருந்தபடியே அதற்குள் நுழைந்து, என்னென்ன ஸ்கிரிப்ட் இருக்கிறது என்று பார்த்தார். சுட்டியின் பெயரில் புதிதாக ஒன்று! அவர் வேலை முடிகிற நேரம் பார்த்துத் தானாக ஓடும்படி வைத்திருந்தாள்.

“அடிப்பாவி! வேலை செய்யிறது நான், கடைசியில வந்து பேரைத் தட்டிட்டுப் போறது இவளா?”

பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்தார். “என்னதான் எழுதியிருக்குன்னு தொறந்து பாருங்களேன்.”

“அதெல்லாம் ஒண்ணும் வேணாம்.”

படித்துப் பார்த்தால் நன்றாக இருந்து தொலைக்குமோ என்று அவருக்குப் பயம். அழித்துவிட்டார். மனசு குளிர்ந்தது.

பிறகு ரூல்களை ஒவ்வொன்றாக மாற்றினார். வெளியாட்களைத் தடுக்கும் கடைசி ரூலை அடித்து, என்டரைத் தட்டினார்.

திரை அப்படியே நின்றுவிட்டது.

எந்தத் தட்டலுக்கும் பதில் இல்லை. வெளியாட்களை அடைக்கிற வேகத்தில், தான் உள்ளே நுழைந்த வழியையும், கம்பெனியின் எல்லாக் கிளைகளும் வருகிற வழியையும் சேர்த்தே அடைத்திருந்தார். மேஜை மேல் இருந்த போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அலற ஆரம்பித்தன. கிளைகளில் ஒரு வேலையும் ஓடவில்லையாம். லீடர் பதவி கிடக்கட்டும், இருக்கிற வேலை தங்குமா?

மேனேஜர் வந்தார். ஆச்சரியம், அவர் முகத்தில் கோபமே இல்லை.

“பதறாதீங்க. சுட்டி காலையிலயே வந்து சொல்லிடுச்சு. ‘அண்ணனுக்கு இன்னைக்கு முக்கியமான நாள் சார். கை தவறினா அவர் பேர் கெட்டுடக் கூடாது. வழி அடைபட்டுட்டா பழைய ரூல்ஸைத் தானாவே திருப்பிக் கொண்டுவர்ற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் போட்டு வெச்சிருக்கேன், அவர்கிட்ட சொல்லிடாதீங்க, கோவிச்சுக்குவார்’னுச்சு” என்றவர், நாற்காலியை இழுத்துப் போட்டு நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். “இதோ, இப்ப ஓடிடும் பாருங்க!”