வழியனுப்பு ஜெபம்

“ஆண்டவரே, பெத்த தாயத் தனிய விட்டுட்டுப் போற இந்தப் புள்ளைக்கு நல்ல புத்தியக் குடும்!”

கண்ணை இறுக மூடிக்கொண்டு இராசதுரை உரத்த குரலில் மன்றாடினார். வீட்டில் கூடியிருந்த அத்தனை பேரும் ஆமென் சொன்னார்கள்.

ஜொய்சன் பல்லைக் கடித்துக்கொண்டு முழங்காலில் நின்றான். திங்கட்கிழமை அவனுக்குக் கனடாவுக்குப் பயணம். வாழ்த்தி அனுப்ப வந்த சபையார் ஆளுக்காள் ஜெபத்திலே வைத்து அவனைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். வேறு இடமென்றால் திருப்பி இரண்டு வார்த்தை கேட்கலாம். ஆண்டவரிடம் முறையிடுகிறவர்களின் குறுக்கே என்னத்தைப் பேசுவது?

அதிலும் யார் பேசுகிறார் பாருங்கள். இராசதுரையின் மகன்மார் இரண்டு பேரும் சுவிஸில். அவர்கள் அனுப்பிய சட்டையைப் போட்டுக்கொண்டுதான் மனுசன் இங்கே கண்ணீர் வடிக்கிறார்.

மூன்று மாதமாய் இதே கதைதான். மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் கூட வேலை செய்கிறவர்கள், “அரசாங்க உத்தியோகத்த விட்டுட்டு அங்க போய்க் கோப்பை கழுவப் போறியா?” என்றார்கள். மீன்காரன்கூட, “இனி அம்மாவுக்கு ஆரு தம்பி மீன் வாங்கிக் குடுக்கிற?” என்று கேட்டுவிட்டுத்தான் தராசைத் தூக்கினான். எல்லாருக்கும் சிரித்துச் சமாளித்ததில் ஜொய்சனுக்குத் தாடை வலித்ததுதான் மிச்சம்.

ஒரு வார்த்தை தடை சொல்லாத ஒரே ஆள் அம்மா மார்கிறட். கழுத்தில் கிடந்த சங்கிலியை விற்று டிக்கெட்டுக்குக் கொடுத்ததே அவள்தான். இந்த ஜெபக்கூட்டமும் அவள் ஏற்பாடுதான். “நான் தனியச் சமாளிப்பன், அவன் போகட்டும்” என்று விசாரித்தவர்களிடமெல்லாம் சிரித்த முகமாகச் சொன்னாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் ஊர் இன்னும் கூட உச்சுக் கொட்டியது.

அடுத்ததாக எதிர்வீட்டு டினுஷா தொடங்கினாள்.

“அப்பா பிதாவே, மார்கிறட் அன்ரிய நினைச்சுப் பாரும். இந்த வெக்கையிலயும் நீட்டுக்கைச் சட்டை போட்டுட்டு இரிக்கா. அவ்வளவு ஏலாத உடம்பு. ஒரு காய்ச்சல் எண்டு விழுந்தா சுடுதண்ணி வச்சுக் குடுக்க ஆரு இரிக்கா அப்பா?”

சொல்லி முடிக்குமுன் அவளுக்குக் குரல் உடைந்தது. பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் மூக்கைச் சிந்தினார்கள். சுவரோரம் இருந்த மார்கிறட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். இவ்வளவு நாளும் கலங்காத மனுசி அழுததைக் கண்டதும் போதகரே ஜெபத்தை நிறுத்திவிட்டு ஜொய்சனைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள்.

ஜொய்சன் மனசுக்குள் கணக்குப் போட்டான். போய் இறங்கினாலும் இவர்கள் விடப் போவதில்லை. அம்மா தும்மினாலும் அவன் பெயர்தான் இங்கே அடிபடும். அந்நிய நாட்டில் கோப்பையும் கழுவி, இங்கே கல்நெஞ்சன் என்ற பட்டமும் எதற்கு? இந்த நிமிடம் ஒரு சொல் சொன்னால் போதும், ஊரிலேயே அவன்தான் நல்ல பிள்ளை.

எழுந்து நின்றான்.

“நான் போகல்ல. அம்மாவ விட்டுட்டு நான் எங்கயும் போகல்ல.”

“ஸ்தோத்திரம்!” என்று வீடே அதிர்ந்தது.

மார்கிறட் பதறிப்போய்க் கதிரையை விட்டு எழும்பினாள். “வேணாம் மனே! இவங்கட கதையக் கேக்காத. நீ போ!” என்று கை இரண்டையும் கூப்பினாள். “உன்னைக் கும்பிடுறன், போயிரு மனே!”

“பாத்தீங்களா தாய் மனச!” என்று இராசதுரை உருகினார். “தான் கிடந்து செத்தாலும் புள்ள நல்லா இரிக்கட்டும் எண்டு நினைக்கிறா.”

போதகர் ஜொய்சனின் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். “அம்மா, நாளைக்கு ஆராதனையில நீங்க முன்னுக்கு வந்து சாட்சி சொல்லணும். ஆண்டவர் செஞ்ச நன்மைய சபை முழுக்கக் கேக்கட்டும்.”

அதன்பிறகு வீடு கலியாண வீடானது. பற்றிஸ் பலகாரமும் தேத்தண்ணியும் பறந்தன. ஆளுக்காள் ஜொய்சனின் முதுகில் தட்டினார்கள். மூன்று மாதமாய்ச் சுமந்த பாரம் இறங்கியதுபோல் அவனும் சிரித்தான்.

புறப்படும்போது டினுஷா மார்கிறட்டைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். மார்கிறட் அவளுடைய கையைப் பிடித்தவள் விடவே இல்லை. டினுஷா சிரித்துக்கொண்டே அந்த விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

“இனி என்ன பயம் அன்ரி? அதான் ஜொய்சன் அண்ணா இரிக்காரே.”

கடைசி ஆள் போகும்வரை ஜொய்சன் படலை வாசலில் நின்று கையசைத்தான். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டான்.

“எல்லாருக்கும் முன்னால போ போ எண்டு கத்தினாய். என்னை அனுப்பிறதில உனக்கு அவ்வளவு அவசரமா?”

மார்கிறட் சுவரோடு ஒண்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

“முகத்தில மட்டும் வேணாம் மனே, நாளைக்குச் சாட்சி சொல்லணும்.”