செவ்வாய்க்கிழமை ரத்தம்

மறுபடியும் செவ்வாய்க்கிழமை ரத்தம்தான்.

ஆராய்ச்சி மாணவி ஆய்வுக்கூட வெளிச்சத்தில் ஃபிலிமைத் தூக்கிப் பிடித்தாள். மற்ற நாட்களில் எடுத்த ரத்தத்திலெல்லாம் புரதத்தின் பட்டை கன்னங்கரேலென்று விழுந்திருந்தது. செவ்வாய்க்கிழமை ரத்தத்தில் மட்டும் இருந்தும் இல்லாத ஒரு கீற்று.

செல்லுக்கு இன்னல் வந்தால் ஓடிவந்து தாங்குகிற புரதம் அது. சர்க்கரை நோயாளிகளுக்கு அது கூடுதலாக இருக்கிறது என்பதே அவளுடைய ஆய்வு. பத்து மாத உழைப்பு. வெள்ளிக்கிழமை பேராசிரியரிடம் முடிவைக் கொடுத்தாக வேண்டும்.

எல்லாரும் சர்க்கரை நோயாளிகள். எல்லாரும் வெறும் வயிறு. அப்புறம் என்ன கேடு இந்தச் செவ்வாய்க்கு?

சோதனை மருந்தை மாற்றிப் பார்த்தாள். கருவியை மாற்றிப் பார்த்தாள். மூன்று தடவை.

செவ்வாய்தோறும் ரத்தம் எடுக்கிற நர்ஸ்தான் எதையோ கெடுக்கிறாள். அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும். செவ்வாய்க்கிழமைக் குப்பிகளைத் தள்ளிவிட்டு ஆய்வைக் காப்பாற்றிவிடலாம்.

மறுநாளே செவ்வாய். காலை எட்டு மணிக்கே ரத்தம் எடுக்கிற ஆஸ்பத்திரிக்குப் போனாள். குப்பிகள்தான் ஐஸ் பெட்டியில் அவளைத் தேடி வரும். அவள் இங்கே வந்ததில்லை.

வெயில் அதற்குள் சுள்ளென்று அடித்தது. மதிலோரம் வரிசை நிற்கும் இடத்தில் யாரும் இல்லை.

எல்லாரும் உள்ளே, மின்விசிறிக்குக் கீழே இருந்தார்கள். நர்ஸ் செல்லக்கனி ஒவ்வொருவருக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, ஆற அமர உட்காரவைத்து, அதன் பிறகே ஊசியை எடுத்தாள். குப்பி உடனே ஐஸில். ஒரு குறையும் இல்லை.

"செவ்வாக்கிழமைன்னா நமக்கு மாப்ள கவனிப்புல்லா," என்றார் பல்லில்லாத ஒரு பெரியவர். "மத்த நாளு கதவத் தெறக்கவே ஒன்பது மணி. வெயில்ல வத்தலாக் காயணும்."

"கைய நீட்டுங்க தாத்தா. வாய நீட்டாதீங்க," என்றாள் செல்லக்கனி.

ஆராய்ச்சி மாணவி வாசல் வழியே வெயிலைப் பார்த்தாள்.

வெக்கையில் நின்றாலும் அந்தப் புரதம் ஏறும். முதல் வருஷமே படித்ததுதான்.

பத்து மாதமாக அவள் அளந்தது சர்க்கரையை அல்ல. வெயிலை.

இந்தப் பெண்ணும் எல்லாரையும் போல இவர்களை வெளியே நிற்கவிட்டிருக்கக் கூடாதா? எரிச்சல் வந்தது. வந்ததற்காக வெட்கமும் வந்தது. யாரும் பார்க்கவேண்டுமென்று செய்யாத ஒன்று, நாற்பது பேர் ரத்தத்தில் தெரிந்திருக்கிறது.

இப்போதும் செவ்வாயைத் தள்ளிவிடலாம். கேட்க ஆளில்லை.

அவள் கழுத்தில் தொங்கிய ஆய்வுக்கூட அட்டையைப் பார்த்ததும் செல்லக்கனியின் முகம் வாடியது.

"ரத்தம் எடுத்ததுல நான் ஏதும் தப்புப் பண்ணிட்டனாம்மா?"

"இல்லக்கா."

வாசலுக்கு வெளியே மதில் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. அவள் செல்லக்கனியிடம் திரும்பினாள்.

"நாளைக்கும் எட்டு மணிக்கே இந்தக் கதவத் தெறக்கணும்க்கா. சாவி யாருட்ட இருக்கும்?"