கொச்சம்மா

சொந்த ஊர் எது என்று டப்ளினிலிருந்து வீட்டுக்காரச் சேச்சி வீடியோவில் கேட்டார். குமுளி என்று மலையாளத்தில் சொன்னேன்.

உட்கார்ந்திருந்ததோ அனுமந்தன்பட்டியில், எங்கள் ஒற்றை அறை வீட்டில்.

விளம்பரத்திலேயே போட்டிருந்தது, அறை மலையாளிப் பெண்ணுக்கு மட்டும் என்று. படிக்கப் போக இன்னும் ஒன்பது நாளில் விமானம். ஏற்கெனவே பதினாலு வீடு கேட்டாகிவிட்டது. பாதிப் பேர் பதிலே போடவில்லை. தங்க இடமில்லாமல் போய் இறங்கி எங்கே படுப்பது? குமுளி என்ன, பஸ் ஏறினால் ஒரு மணி நேரம், இதில் என்ன பெரிய பொய் என்று என்னை நானே சமாதானம் பண்ணிக்கொண்டேன்.

மலையாளம் எனக்குத் தண்ணிபட்ட பாடு. அம்மா இருபது வருஷமாக ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறாள். பள்ளிக்கூட லீவில் நானும் கூடப் போவேன். முதலாளியின் மனைவியை அவள் கொச்சம்மா என்றுதான் கூப்பிடுவாள். அந்த அம்மாள் எதிரே வந்தால் இரண்டு எட்டு பின்னால் போய், தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வாள்.

சேச்சிக்கு என் பேச்சு பிடித்துப்போனது. பின்சுவரில் இருந்த இருதய ஆண்டவர் படம் இன்னும் பிடித்துப்போனது. நான் காட்டியதில் அது ஒன்றுதான் நிஜம்.

வீட்டில் என்ன தொழில் என்றார். ஏலத்தோட்டம் என்றேன். சொந்தமா என்றார். ஆமாம் என்றேன். அப்படி வாயில் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது.

அம்மா. சேலைக்கு மேலே அப்பாவின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி. நேராக வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று, போனை எட்டிப் பார்த்துச் சிரித்தாள். நான் போகப்போகும் வீட்டைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு ஆசை.

அது யார் என்று கேட்டார் சேச்சி.

எங்கள் தோட்டத்தில் வேலைக்கு வருகிறவள் என்று சொன்னேன். நல்ல மலையாளத்தில்தான் சொன்னேன். அவளிடம் கற்ற மலையாளம். ஒரு சொல் விடாமல் அவளுக்குப் புரிந்திருக்கும்.

திரையின் மூலையில் அவள் முகம் தெரிந்தது. சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு இரண்டு எட்டு பின்னால் போனாள். தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

“கொச்சம்மே, ஞான் போயிட்டு நாளெ வராம்.”

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெளியே போனாள்.

அறை உனக்குத்தான் மோளே என்றார் சேச்சி. நன்றி சொன்னேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல அவமானமாக இருந்தது. போனை அணைத்துவிட்டு, எழுந்து போய்க் கதவைத் திறக்க வெகுநேரம் ஆனது எனக்கு.

அம்மா தெருக்குழாய் ஓரமாக நின்றிருந்தாள். தூக்குவாளியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“பேசி முடிச்சிட்டியா ஆத்தா? நான் உள்ள வரட்டுமா?”