சங்கு விரல்

வீட்டு வேலை செய்யும் பேச்சிச்செல்வி, முதலாளியம்மா கொடுத்தனுப்பிய பழைய பீங்கான் பொம்மையைப் பழுதுபார்க்கும் கடையில் வைத்தாள்.

“சரிபண்ணலாமா, புதுசே வாங்கிரலாமான்னு அம்மா கேக்கச் சொன்னாவ.”

கடைக்காரி சண்முகசுந்தரி லென்ஸ் வைத்துப் பார்த்தாள். “சுண்டுவிரல் மட்டும் பீங்கான் இல்ல, சங்கு! நகம் முதக்கொண்டு அச்சு அசலாத் தேய்ச்சிருக்காவ. எனக்கே இப்படி வராது. யாரு செஞ்சது?”

பேச்சிச்செல்வி குரலைத் தாழ்த்தினாள். “நாந்தான்க்கா. தொடைக்கையில வெரலு ஒடைஞ்சிட்டு. அம்மாட்ட சொல்லிராதீங்க, வேலை போயிரும்.”

சண்முகசுந்தரி சிரித்தாள். “அவியளுக்கு அன்னைக்கே தெரியும் ஏளா, எனக்குப் போன்ல சொல்லிட்டாவ. உன் வாயால வரட்டும்னுதான் கேட்டேன். பொம்மைய மாத்தவும் வேண்டாம், தொடவும் வேண்டாம். உன் கைவேலையப் பாக்கச் சொல்லித்தான் உன்னய இங்க அனுப்புனாவ. நாளையிலேருந்து எங்கூட வேலை பாக்க வாரியா?”