மஞ்சளுக்குக் கீழே

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியதும் அவள் கண்ணில் முதலில் பட்டது அந்தக் கோணல் கோடுதான்.

வீட்டுக்குள் இருக்கும் மாடிப்படி. ஒவ்வொரு படியின் விளிம்பிலும், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மஞ்சள் பெயிண்ட். ஓரிடத்தில் பட்டையாக, ஓரிடத்தில் கயிறாக, நடுவில் சொட்டுச் சொட்டாக வழிந்து.

“யாருங்க இந்த வேலையைப் பண்ணினது?”

கண் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குள் காலடி வைத்தவள் பேசுகிற முதல் பேச்சா இது? ஆனாலும் அவளைக் குறை சொல்ல முடியாது. எத்தனையோ வீட்டுச் சுவர்களுக்கு வண்ணம் அடித்தவள். சுவரும் கூரையும் சேரும் இடத்தில் டேப் ஒட்டாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் கோடு போடுவாள். கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வைத்த பெயரே ‘நூல்பிடி அக்கா’. அவள் வீட்டிலேயே இப்படியொரு கோடு என்றால் மானம் போகாதா?

“நான்தான்,” என்றார் கணவர், ஆஸ்பத்திரிப் பையைக் கீழே வைத்தபடி.

“காலமெல்லாம் பஸ் ஓட்டின கையா இது? இப்படி வளைஞ்சு வளைஞ்சு போகுது!”

“ரோடு எப்படியோ அப்படித்தானம்மா ஓட்ட முடியும். படியே கோணல்.”

சொல்லிவிட்டு அவர் பால் காய்ச்சப் போய்விட்டார்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். அப்போதுதான் மற்றவையும் தெரிந்தன. குளியலறை நிலையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் பட்டை. மேசை முனையில் ஒரு திட்டு. திறந்தே கிடக்கும் ஜன்னல் கதவில், சரியாக அவள் நெற்றி உயரத்தில், ஒரு பெரிய பொட்டு.

எல்லாம் அவள் ஒரு தடவையாவது இடித்துக்கொண்ட இடங்கள்.

இத்தனை நாளும் படியில் தெரிந்த அந்த மங்கல் மஞ்சளை வெயில் என்றுதான் நினைத்திருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினாள், இறங்கினாள். பெயிண்ட் வாசனை வந்திருந்தாலும் தன் புடவையிலிருந்துதான் வருகிறது என்று இருந்திருப்பாள், பாவம்.

சரி, மனுஷர் ஒரு மாதமாக உட்கார்ந்து பூசியிருக்கிறார் என்று எண்ணிக்கொண்டாள். போன மாதம்தானே அவரிடம் சொன்னாள், “ரெண்டு நாளா கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்குங்க” என்று.

ரெண்டு நாளா! வாழ்க்கையில் அவள் சொன்னதிலேயே பெரிய பொய் அதுதான்.

பார்வை நெடுநாளாகவே பால் கலந்த தண்ணீர்போலத்தான் இருந்தது. சொன்னால் அவர் பதறிப்போவார், வேலைக்குப் போகாதே என்பார், பிரஷ் கையை விட்டுப் போய்விடும். அது போனபிறகு அவளிடம் என்ன மிச்சம்? அதனால் மூட்டுவலி என்று சொல்லி ஏணியை விட்டாள். தோள்வலி என்று சொல்லிக் கோடு போடும் வேலையை மற்றவர்களிடம் தள்ளிவிட்டு, ரோலரோடு அகலச் சுவர்களில் ஒதுங்கிக்கொண்டாள். வீட்டிலோ எல்லாம் தெரிகிற மாதிரியே வளைய வந்தாள். அவருக்கு ஒரு துளி சந்தேகம் வரவில்லை என்று உள்ளுக்குள் பெருமை வேறு.

குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் கீழ்ப்படியில் மெல்ல உட்கார்ந்து, தோள் உயரத்தில் இருந்த படியைப் பார்த்தாள். விளிம்பில் பெயிண்ட் கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்தது. தொழில் புத்தி சும்மா இருக்குமா? நகத்தால் சுரண்டினாள். ஒரு செதில் கையோடு வந்தது.

செதிலின் அடிப்பக்கம் ஆரஞ்சு.

இன்னும் கொஞ்சம் சுரண்டினாள். ஆரஞ்சுக்குக் கீழே வெள்ளை. கால் படும் இடத்தில் அந்த வெள்ளைப் பூச்சு, சிமெண்ட் தெரியும்வரை தேய்ந்திருந்தது.

இரண்டு பேர் மட்டும் வெறுங்காலோடு ஏறி இறங்கும் படியில் ஒரு பூச்சு இந்த அளவு தேய ஒரு மாதம் போதாது. ஒரு வருஷம்கூடப் போதாது. அது அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

முதலில் வெள்ளை. அப்புறம் ஆரஞ்சு. அப்புறம் மஞ்சள். எந்த நிறத்தில் அவள் கால் தயங்காமல் இறங்குகிறது என்று பார்த்துப் பார்த்து மாற்றியிருக்கிறார்.

“என்னம்மா, கோணலை அளந்து முடிச்சாச்சா?” உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவள் அந்தச் செதிலை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

அத்தனை காலமும், ஒவ்வொரு நாள் காலையிலும், அவர் வாசல்வரை வந்து அவளை வேலைக்கு அனுப்பினார். ஒரு நாள்கூடப் போகாதே என்று சொன்னதில்லை.

“பிரஷ்ஷை எடுத்துக்கிட்டியா?” என்றுதான் கேட்டிருக்கிறார்.