அப்பாவும் கூடவே உள்ளே போகிறார்

ஜன்னல் திரையை இழுத்துவிட்டதில் மருத்துவரின் அறை அரை இருட்டாகக் கிடக்கிறது. கணினியில் அவளுடைய மண்டையோடு பளிங்குப் பொம்மைபோல மெல்லச் சுழன்று பக்கவாட்டில் நிற்கிறது. முன்னால் துருத்திய கீழ்த்தாடை அப்பாவை உரித்து வைத்திருக்கிறது. தெருவில் யாரும் அவளை இன்னார் மகளா என்று கேட்பதில்லை; தாடையைப் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள். ஆபரேஷனில் அதை எவ்வளவு பின்னால் தள்ளுவது என்று இன்றே முடிவு செய்தாக வேண்டும். மருத்துவர் மௌஸின் சக்கரத்தை உருட்ட, திரையில் தாடை ஒவ்வொரு மில்லிமீட்டராக உள்ளே போகிறது. பக்கத்து நாற்காலியில் அப்பாவின் தாடையும், அவருக்கே தெரியாமல், கூடவே போகிறது. "ரெண்டு... மூணு..." சக்கரம் டிக் டிக் என்கிறது. அப்பாவின் கழுத்தில் மடிப்பு விழுகிறது, கண் பிதுங்குகிறது. "நாலு. பல்லெல்லாம் கச்சிதமா உக்காந்துடுச்சு. அழகுக்காக இன்னும் கொஞ்சம் தள்ளலாமா?" அவள் திரையைப் பார்க்கவே இல்லை. "போதும் டாக்டர். அப்பாவுக்கு மூச்சு முட்டுது." மருத்துவர் திரும்பிப் பார்த்து மௌஸை விடுகிறார். அப்பாவின் தாடை டக்கென்று பழைய இடத்துக்கு வந்து நிற்கிறது. பின்னால் கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டிருக்கும் அம்மா பெருமூச்சு விடுகிறாள்.

"ஐயோ, ஒரு நிமிஷம் எவ்வளவு லட்சணமா இருந்தீங்க!"